சர்மாவிடமிருந்து சுக்லா வரை: விண்வெளி வீரர்களைச் சங்கிலியாகக் கோப்பது எப்படி?

ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று சோவியத்தின் சோயுஸ் டி-11 கலத்தில் விண்வெளிக்குக் கிளம்பினார். சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஆக்ஸியம்-4 பயணத்தில் கிளம்பினார். நடுவில் 41 வருடம் ஓடிவிட்டது. சர்மா போய்வந்தபோது சுக்லா பிறக்கவே இல்லை. ஆனாலும் சர்மாவோடு பறந்த ஒருவர், அவரோடு பறந்த இன்னொருவர் என்று ஆள் மாற்றி ஆளாகப் பிடித்துக்கொண்டே போனால் ஐந்தே கண்ணிகளில் சுக்லாவிடம் வந்து சேர்ந்துவிடலாம் (ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவும் ஒவ்வொரு படியும் ஒரு கண்ணி).

இதை முதல்முறை நோட்டில் எழுதிப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து எந்த வீரரின் பெயரைக் கேட்டாலும் இவர் யாரோடு போனார், அவர் வேறு யாரோடு போனார் என்றுதான் மனசு தேடும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு சாயங்காலம் போதும். கம்ப்யூட்டர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் விதியை முடிவு செய்யுங்கள்

"இரண்டு பேர் சேர்ந்து பறந்தார்கள்" என்றால் என்ன அர்த்தம்? கேட்க எளிதாக இருக்கும், ஆனால் உட்கார்ந்து எழுதும்போது இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். மூன்று விதமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே கலத்தில் ஒன்றாக ஏறியவர்களை மட்டும் சேர்ப்பது ஒன்று. ஏறியவர்களோடு, ஒரே கலத்தில் ஒன்றாக இறங்கியவர்களையும் சேர்ப்பது இரண்டாவது. விண்வெளி நிலையத்தில் ஒரே சமயத்தில் தங்கியிருந்த எல்லோரையும் சேர்ப்பது மூன்றாவது.

சர்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரோடு ஏறியவர்கள் யூரி மாலிஷெவ், கெனாடி ஸ்ட்ரெகலோவ். மேலே சல்யூட்-7 நிலையத்தில் ஏற்கெனவே கிசிம், சோலோவியோவ், அத்கோவ் என்று மூன்று பேர் தங்கியிருந்தார்கள். மூன்றாவது விதிப்படி அவர்களும் சர்மாவுக்குக் கண்ணிதான், முதல் இரண்டு விதிப்படி இல்லை.

நான் இரண்டாவது விதியைத்தான் பிடித்துக்கொள்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். நிலையத்தில் இருந்த எல்லோரையும் சேர்த்தால் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன அத்தனை பேரும் சடசடவென்று ஒட்டிக்கொள்வார்கள், சங்கிலிக்கு ருசியே இருக்காது. ஏறியவர்கள் மட்டும் என்று இறுக்கிப் பிடித்தால் உண்மையாகவே தோளோடு தோள் உரசி உட்கார்ந்து பூமிக்குத் திரும்பியவர்கள் விட்டுப்போவார்கள். எது வேண்டுமானாலும் உங்கள் இஷ்டம். ஆனால் நடுவில் மாற்றாதீர்கள், சங்கிலி எழுதும்போது எந்த விதி என்று மேலே ஒரு வரி குறித்துவிடுங்கள்.

விண்வெளியை எட்டாமல் போன பயணங்களை என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். 1983 செப்டம்பரில் ஸ்ட்ரெகலோவும் விளாதிமிர் தித்தோவும் ஏவுதளத்திலேயே ராக்கெட் தீப்பிடித்து, தப்பிக்கும் கோபுரம் கலத்தை இழுத்துக்கொண்டு போனதால் உயிர் பிழைத்தார்கள். இவர்கள் விஷயத்தில் சிக்கல் இல்லை, அதே வருடம் ஏப்ரலில் சோயுஸ் டி-8இல் ஒன்றாகப் பறந்திருக்கிறார்கள். அமெரிக்க விண்வெளி ஓடமான சேலஞ்சர் விஷயம் அப்படி அல்ல. 1986 ஜனவரி 28 அன்று கிளம்பி 73 வினாடியில் சிதறிய அந்த ஓடம் விண்வெளியைத் தொடவில்லை. கணக்குப்படி விட்டுவிட்டால் மைக்கேல் ஸ்மித், கிரிகரி ஜார்விஸ், ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் மூன்று பேரும் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேறு பயணம் கிடையாது. நான் சேர்க்கிறேன். ஏழு பேரும் ஒன்றாகத்தான் ஏறி உட்கார்ந்தார்கள், எனக்கு அது போதும்.

பட்டியல் போடுவது

நோட்டிலோ எக்செல்லிலோ ஆறு பத்தி போதும்: ஆள், ஏறிய கலம், ஏறிய தேதி, இறங்கிய கலம், இறங்கிய தேதி, குறிப்பு. ஒரு ஆள் ஒரு தடவை போய்வந்தால் ஒரு வரி. ஏறிய கலத்தையும் இறங்கிய கலத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுதுவது ரொம்ப முக்கியம். சர்மா ஏறியது சோயுஸ் டி-11, இறங்கியது சோயுஸ் டி-10. சுனிதா வில்லியம்ஸ் 2006 டிசம்பரில் எஸ்டிஎஸ்-116 பயணத்தில் (எஸ்டிஎஸ் என்று வருவதெல்லாம் நாசாவின் விண்வெளி ஓடப் பயணங்கள்) ஏறி 2007 ஜூனில் எஸ்டிஎஸ்-117இல் இறங்கினார், ஆகவே இரண்டு ஓடத்து ஆட்களும் அவருக்குக் கண்ணி. 2024 ஜூனில் புட்ச் வில்மோரோடு ஸ்டார்லைனரில் ஏறியவர் 2025 மார்ச்சில் டிராகன் கலத்தில் இறங்கியதால் நிக் ஹேக், அலெக்சாண்டர் கோர்புனோவ் இருவரும் புதிதாகச் சேர்ந்தார்கள்.

பெயர்களை விக்கிப்பீடியாவின் பயணப் பக்கங்களிலிருந்து எடுக்கலாம், நாசா வெளியிட்டிருக்கும் வாழ்க்கைக் குறிப்புகளோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் ஏற்றிவிட்டுத்தான் தேட வேண்டும் என்று உட்காராதீர்கள், சோர்ந்துபோவீர்கள். தேவைப்படும் ஆளை மட்டும் அவ்வப்போது சேர்த்துக்கொண்டே போங்கள்.

பெயரில் வழுக்கும் இடங்கள்

நான் தப்பு செய்த இடத்தைச் சொல்கிறேன். கல்பனா சாவ்லாவையும் ஜான் கிளென்னையும் கோக்கப் பார்த்தேன். கிளென் 1962இல் பூமியைச் சுற்றியபோது தனியாகப் போனவர், பிறகு 77 வயதில், 1998 அக்டோபரில், எஸ்டிஎஸ்-95 பயணத்தில் மறுபடி போனார். அந்தப் பயணத்தில் பிரவுன் என்று ஒருவர். கல்பனாவின் கடைசிப் பயணமான எஸ்டிஎஸ்-107இலும் பிரவுன் என்று ஒருவர். ஆஹா, இரண்டே கண்ணி என்று எழுதி, நண்பர்களுக்கும் அனுப்பிவிட்டேன். அவர் கர்டிஸ் பிரவுன், இவர் டேவிட் பிரவுன்! இரண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் விடை தற்செயலாகச் சரியாகவே இருந்தது, வழிதான் வேறு. கல்பனாவின் முதல் பயணம் 1997 நவம்பரில், எஸ்டிஎஸ்-87. அதில் பைலட்டாக இருந்த ஸ்டீவன் லிண்ட்சேதான் அடுத்த வருடம் கிளென் போன பயணத்திலும் பைலட். கல்பனா, லிண்ட்சே, கிளென்: இரண்டே கண்ணி. அன்றிலிருந்து முழுப்பெயர் இல்லாமல் எதையும் எழுதுவதில்லை.

தித்தோவ் என்றால் 1961இல் போன கெர்மன் தித்தோவா, விளாதிமிர் தித்தோவா என்று பாருங்கள். சோலோவியோவிலும் விளாதிமிர், அனத்தோலி என்று இரண்டு பேர். வோல்கோவ் மூன்று பேர், அதில் இருவர் அப்பா மகன். ஸ்காட் கெல்லியும் மார்க் கெல்லியும் இரட்டையர். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியவர்களும் உண்டு: நான்சி ஷெர்லாக் பிறகு நான்சி கரி ஆனார், இரண்டும் ஒரே ஆள்தான்.

கலத்தின் பெயரும் காலை வாரும். சோயுஸ் 11 வேறு, சோயுஸ் டி-11 வேறு. முதலாவது 1971இல் போய் மூன்று பேரும் திரும்பும் வழியில் இறந்த பயணம், இரண்டாவதுதான் சர்மாவுடையது. ஓடங்களின் எண்ணை நம்பி எது முன்னால் எது பின்னால் என்று முடிவு கட்டாதீர்கள்; எஸ்டிஎஸ்-113 பறந்தது 2002 நவம்பரில், எஸ்டிஎஸ்-107 பறந்தது 2003 ஜனவரியில்.

இரண்டு பக்கமிருந்தும் தேடுங்கள்

சரி, இப்போது சர்மாவையும் சுக்லாவையும் கோப்போம். புதியவர்கள் பெரும்பாலும் ஒரே பக்கமிருந்து கிளம்பிப் பாதி வழியில் தொலைந்துபோவார்கள். இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு படியாக நடுவை நோக்கி வாருங்கள், சுரங்கத்தை இரண்டு பக்கமும் தோண்டுகிற மாதிரி.

சர்மா பக்கம் இரண்டு பேர். மாலிஷெவ் வழியே போனால் 1980இல் அவரோடு பறந்த அக்ஸ்யோனோவ், அவரிடமிருந்து பிகோவ்ஸ்கி, பிகோவ்ஸ்கியிடமிருந்து கிழக்கு ஜெர்மனியின் ஜிக்மண்ட் யேன், அத்தோடு முட்டுச்சந்து. ஆகவே ஸ்ட்ரெகலோவைப் பிடியுங்கள். அவர் 1980 தொடங்கி 1995 வரை ஐந்து தடவை விண்வெளிக்குப் போனவர். கடைசிப் பயணம்தான் நமக்குத் தங்கம். 1995 மார்ச்சில் சோயுஸ் டிஎம்-21இல் தெஷுரோவ், நார்மன் தகார்ட் இருவரோடும் மிர் நிலையத்துக்குப் போனார். தகார்ட் அமெரிக்கர், சோயுஸில் ஏறிய முதல் அமெரிக்கரே அவர்தான். அந்த மூவரும் திரும்பியது சோயுஸில் இல்லை. ஜூலை 7 அன்று அட்லாண்டிஸ் ஓடத்தில், அதாவது எஸ்டிஎஸ்-71இல், இறங்கினார்கள். அதனால் அந்த ஓடத்தின் கிப்சன், பிரிகோர்ட், எலன் பேக்கர், ஹார்பா, போனி டன்பார் ஐந்து பேரும் ஸ்ட்ரெகலோவுக்குக் கண்ணி ஆகிவிட்டார்கள். இரண்டாவது விதி கைகொடுப்பது இங்கேதான்.

இப்போது சுக்லா பக்கம். அவரோடு போன மூவரில் போலந்தின் உஸ்னான்ஸ்கி, ஹங்கேரியின் கபு இருவருக்கும் அது முதல் பயணம், ஆகவே வழி பெக்கி விட்சன் ஒருவர்தான். (மூன்று நாட்டுக்கும் அதற்கு முன் ஒரே ஒருவர்தான் போயிருந்தார், 1978, 1980, 1984 என்று, மூவரும் சோவியத் கலத்தில். மனசைத் தொட்ட பொருத்தம் இது.) விட்சனின் பழைய பயணங்களை வரிசையாக எழுதுங்கள். 2002 ஜூனில் எஸ்டிஎஸ்-111இல் முதல்முறை ஏறினார், அந்தக் குழுவில் ஃபிராங்க்ளின் சாங்-டியாஸ் என்ற பெயரைப் பாருங்கள். கோஸ்டா ரிகாவில் பிறந்தவர், ஏழு தடவை பறந்தவர். பட்டியலில் இப்படி நிறையப் பறந்த ஆள் தென்பட்டால் அவரை விடாதீர்கள், ஊருக்கு நடுவில் இருக்கிற பஸ் ஸ்டாண்டு மாதிரி அவர்கள், எங்கே போக வேண்டுமானாலும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

சாங்-டியாஸின் ஏழு பயணங்களையும் இறக்கி, சர்மா பக்கம் எழுதிவைத்த பெயர்களோடு ஒத்துப் பாருங்கள். மூன்று பெயர் மாட்டும். 1986 ஜனவரியில் அவரது முதல் பயணத்துக்குக் கமாண்டர் ராபர்ட் கிப்சன். 1989இல் எஸ்டிஎஸ்-34இல் அவரோடு பறந்தவர் எலன் பேக்கர். 1998 ஜூனில் ஆறாவது பயணமான எஸ்டிஎஸ்-91க்குக் கமாண்டர் சார்லஸ் பிரிகோர்ட். மூன்று பேரும் ஸ்ட்ரெகலோவ் இறங்கிய அட்லாண்டிஸில் இருந்தவர்கள். சங்கிலி முடிந்தது.

எழுதும்போது பெயரை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு கண்ணிக்கும் பயணத்தையும் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள், யாரும் சரிபார்க்கலாம்:

சர்மா – ஸ்ட்ரெகலோவ் (சோயுஸ் டி-11, 1984) – பிரிகோர்ட் (எஸ்டிஎஸ்-71 இறக்கம், 1995) – சாங்-டியாஸ் (எஸ்டிஎஸ்-91, 1998) – விட்சன் (எஸ்டிஎஸ்-111, 2002) – சுக்லா (ஆக்ஸியம்-4, 2025).

வருடங்களைக் கவனியுங்கள்

மேலே உள்ள வருடங்களை மறுபடி படியுங்கள். 1984, 1995, 1998, 2002, 2025. ஏறிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் சர்மா சல்யூட்டில் ஸ்ட்ரெகலோவின் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது விண்வெளியிலேயே ஆள் மாற்றி ஆளாகக் கைமாறி சுக்லாவின் காதுக்கு வந்திருக்க முடியும். பிரிகோர்ட்டுக்குப் பதில் கிப்சன் வழியே போனாலும் ஐந்து கண்ணிதான், ஆனால் அது நடக்காது. சாங்-டியாஸ் கிப்சனோடு பறந்தது 1986இல், ஸ்ட்ரெகலோவ் கிப்சனைச் சேர்ந்தது 1995இல். வார்த்தை கிப்சனிடம் வருவதற்கு ஒன்பது வருடம் முன்பே அவர்கள் இருவரும் சேர்ந்து பறந்த பயணம் முடிந்துவிட்டது.

என்னைக் கேட்டால் கண்ணிகளின் எண்ணிக்கையைவிட இதுதான் பெரிசு. சின்னச் சங்கிலி கிடைத்ததும் நிறுத்தாதீர்கள், அதே நீளத்தில் வேறு வழி இருக்கிறதா, அதில் வருடம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

சர்மாவை நீல் ஆம்ஸ்ட்ராங்கோடு கோத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். ஸ்ட்ரெகலோவ், தகார்ட் (1995), கிரிப்பன் (எஸ்டிஎஸ்-7, 1983), ஜான் யங் (எஸ்டிஎஸ்-1, 1981), மைக்கேல் காலின்ஸ் (ஜெமினி 10, 1966), ஆம்ஸ்ட்ராங் (அப்பல்லோ 11, 1969). ஆறு கண்ணி. வருடங்கள் முன்னும் பின்னுமாகத் தாண்டுகின்றன, ஒரு வார்த்தையும் இதில் கைமாறாது. ஆனாலும் இதில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. ஆம்ஸ்ட்ராங்கோடு பறந்த டேவிட் ஸ்காட், ஆல்ட்ரின் வழியாக எவ்வளவு தூரம் போனாலும் ஓடங்களின் காலத்துக்கு வர முடியாது, அவர்கள் பக்கத்து ஆட்கள் யாரும் ஓடத்தில் விண்வெளிக்குப் போகவில்லை. காலின்ஸ், அவரிடமிருந்து யங், இந்த ஒரு பாலம்தான். யங் 1965இல் ஜெமினி என்ற பழைய அமெரிக்கக் கலத்தில் ஆரம்பித்து 1983இல் ஓடம் வரை ஆறு தடவை பறந்தார். அந்த ஒரு மனிதர் பறக்காமலே இருந்திருந்தால் ஆம்ஸ்ட்ராங்குக்கும் சர்மாவுக்கும் வழியே இல்லை.

கல்பனா சாவ்லாவுக்கு வருவோம். சர்மா, ஸ்ட்ரெகலோவ் (1984), போனி டன்பார் (1995), மைக்கேல் ஆண்டர்சன் (எஸ்டிஎஸ்-89, 1998), கல்பனா (எஸ்டிஎஸ்-107, 2003). நான்கே கண்ணி, வருடமும் ஏறுகிறது. ஆண்டர்சனும் கல்பனாவும் 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடம் சிதறியபோது ஒன்றாகப் போய்விட்டார்கள். இந்தச் சங்கிலியை எழுதும்போது ஒவ்வொரு தடவையும் பேனா ஒரு நிமிஷம் நின்றுவிடும்.

வழியே இல்லாத ஆட்கள்

தேடித் தேடி வழி கிடைக்கவில்லை என்றால் உங்கள் தப்பு என்று நினைக்க வேண்டாம், சிலருக்கு உண்மையிலேயே வழி கிடையாது. யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12 அன்று தனியாகப் போனார், மறுபடி போகவில்லை, ஒரு கண்ணிகூட இல்லை. வாலன்டினா தெரஷ்கோவாவும் அப்படியே. அப்பல்லோ 14 ஒரு மூன்று பேர் தீவு: ஆலன் ஷெப்பர்ட் முதலில் போனபோது தனி ஆள், ரூசாவும் மிட்செலும் வாழ்க்கையில் ஒரே தடவைதான் பறந்தார்கள். நிலாவில் கால் வைத்த இரண்டு பேர் இருந்தும் அந்தக் குழுவிலிருந்து வெளியே ஒரு நூல்கூட நீளவில்லை. சீன வீரர்கள் 2024 வரை தங்களுக்குள்ளேயேதான் பறந்திருக்கிறார்கள், ஆகவே அது தனி உலகம்.

அமெரிக்க ஆட்களும் ரஷ்ய ஆட்களும்கூட ரொம்ப காலம் இரண்டு தனி உலகம்தான். 1975இல் அப்பல்லோவும் சோயுஸும் மேலே இணைந்து கைகுலுக்கினார்களே என்று கேட்பீர்கள், ஆனால் ஏறியதும் இறங்கியதும் அவரவர் கலத்தில். நம் விதிப்படி இரண்டும் ஒன்றானது 1994 பிப்ரவரி 3 அன்று, செர்கெய் கிரிகலேவ் டிஸ்கவரி ஓடத்தில், எஸ்டிஎஸ்-60 பயணத்தில் ஏறியபோது. அதே ஓடத்தில் நம்ம சாங்-டியாஸும் இருந்தார்.

கம்ப்யூட்டரில் செய்வதானால்

பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு, வலைப்பின்னல்களில் வழி தேடித் தரும் அதன் நெட்வொர்க்எக்ஸ் தொகுப்பு போதும். ஆளையும் ஆளையும் நேராக இணைக்காமல், ஆளைப் பயணத்தோடு இணையுங்கள், ஏற்றத்துக்கு ஒரு புள்ளி, இறக்கத்துக்கு ஒரு புள்ளி. எந்தப் பயணத்தால் கண்ணி வந்தது என்பது அப்போதுதான் தொலையாது. ஒரு வழியை மட்டும் கேட்காமல் குறைந்த நீளமுள்ள எல்லா வழிகளையும் கேட்டு வாங்கி, அதில் வருடம் ஏறுகிறவற்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். முதல் பத்து சங்கிலியையாவது கையால் செய்துவிட்டு இங்கே வாருங்கள். மெஷின் பிரவுனையும் பிரவுனையும் ஒட்டிவைத்தால் கண்டுபிடிக்க அந்தப் பழக்கம்தான் உதவும்.

இந்தியா தன் சொந்தக் கலத்தில் ஆட்களை அனுப்பும் ககன்யான் வரும்போது என்ன ஆகும் என்பதை நான் இப்போதே நோட்டில் ஒரு பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். 2024 பிப்ரவரியில் அறிவித்த நான்கு பேரில் சுக்லா மட்டும்தான் பறந்திருக்கிறார், மற்ற மூவர் பிரசாந்த் நாயர், அங்கத் பிரதாப், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன். முதல் குழுவில் சுக்லா இருந்தால் அவரோடு ஏறுகிறவர்கள் அந்த நிமிஷமே விட்சன், சாங்-டியாஸ், ஸ்ட்ரெகலோவ் வழியாக ஆறாவது கண்ணியில் சர்மாவிடம் போய்ச் சேருவார்கள். சுக்லா இல்லாமல் மற்றவர்கள் போனால் அது அப்பல்லோ 14 மாதிரி ஒரு தனித் தீவாக நிற்கும், அவர்களில் ஒருவர் மறுபடி வேறு யாரோடாவது பறக்கும் வரை.